மானமும் கூலியும்: கல்கத்தா மற்போரின் இரு கணக்குகள்

கொல்கத்தாவின் தென்பகுதியில் ஆதி கங்கையின் கரையை ஒட்டியுள்ள அலிப்பூரைத் தமிழ் வாசகர் பெரும்பாலும் ஒரு வழக்கின் பெயராகவே அறிவர். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் 1908 மே மாதம் கைதாகி ஓராண்டுக்குப் பின் விடுதலை பெற்ற அரவிந்தர், 1910 ஏப்ரல் 4ஆம் நாள் புதுச்சேரியில் வந்து இறங்கினார். அதே 1910ஆம் ஆண்டில், கல்கத்தாச் செல்வர் ஒருவரின் பணத்தில் பஞ்சாபிய மல்லர் சிலர் கப்பலேறி இலண்டனுக்குப் போயினர். இவ்விரு பயணங்களுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் பின்னே நின்றது ஒரே மண்: வங்காளத்தின் அகாடா எனப்படும் மற்போர்க் களரி. அந்த மண்ணிலிருந்து ஒரு வழி அலிப்பூர்ச் சிறைக்கும் மற்றொரு வழி நுழைவுச்சீட்டு விற்கும் அரங்குக்கும் சென்றது. முதல் வழி பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது. இரண்டாவது வழியின் கதை, கல்கத்தாவின் தொழில்முறை மற்போரின் கதை.

கதையின் தொடக்கமும் அலிப்பூரைத் தொட்டே செல்கிறது. முதல் கவர்னர் ஜெனரலான வாரன் ஹேஸ்டிங்ஸின் மாளிகை இன்றும் அங்கு நிற்கிறது. அவரும் அவருடைய ஆட்சிக்குழு உறுப்பினர் பிலிப் பிரான்சிஸும் 1780 ஆகஸ்டு 17ஆம் நாள் துப்பாக்கியுடன் ஒருவரை ஒருவர் எதிர்கொண்டதும் அலிப்பூரில்தான். அறுபது ஆண்டுகள் கழித்து, 1841இல், அந்த ஹேஸ்டிங்ஸைப் பற்றி மெக்காலே ஒரு நெடுங்கட்டுரை எழுதினார். கல்கத்தாவில் நான்காண்டு அரசுப்பணி பார்த்துத் திரும்பியவர் அவர். அக்கட்டுரையில் வங்காளியின் உடல் வலுவற்றது, பெண்மைக்கு நிகரான மென்மையுடையது, துணிவும் தன்னுரிமையும் அவ்வுடலுக்கு ஒவ்வாதவை என்னும் பொருள்பட எழுதினார். ஆங்கிலக் கல்வி பெற்ற வங்காளியர் அக்கட்டுரையைப் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்தே வளர்ந்தனர். ஆளப்படுவதற்குக் காரணம் படையும் வரியும் அல்ல, உங்கள் உடலே என்று சொன்ன கூற்று அது. ஆகவே அதற்கான மறுமொழியும் உடலாலேயே தரப்பட வேண்டும் என்று ஒரு தலைமுறை முடிவு செய்தது.

1867இல் நவகோபால் மித்ரா முன்னின்று தொடங்கிய இந்து மேளாவில் கைத்தொழிற் கண்காட்சிக்கும் பாட்டுக்கும் நிகராக உடற்பயிற்சியும் மற்போரும் இடம்பெற்றன. வடகல்கத்தாவின் மஸ்ஜித்பாடித் தெருவில் வாழ்ந்த குஹா குடும்பம் அதைவிட ஆழமாகச் சென்றது. அம்பிகா சரண் குஹா என்ற அம்பு பாபு, செல்வக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தும் தாமே கோதாவில் இறங்கி மண் பூசிக்கொண்டு குஸ்தி கற்றவர். அவர் அமைத்த அகாடாவில் பின்னாளில் விவேகானந்தரான நரேந்திரநாதர் இளமையில் பயின்றார். புரட்சியாளர் பாகா ஜதீனும் குஹா குடும்பத்து அகாடாவில் பயின்றவரே. 1902இல் தோன்றிய அனுசீலன் சமிதியின் வெளித்தோற்றமும் உடற்பயிற்சிக் கழகமே. சிலம்பமும் குஸ்தியும் பழகிய இளைஞர் சிலர் சில ஆண்டுகளில் வெடிகுண்டுக்கும் கைத்துப்பாக்கிக்கும் மாறினர். 1909இல் அரசு சமிதிகளைத் தடைசெய்தபோது, தண்டால் எடுப்பதும் கர்லாக்கட்டை சுழற்றுவதும் காவல்துறையின் குறிப்பேட்டில் ஏறத்தக்க செயல்களாயின.

அகாடாவில் இருந்தவர் அனைவரும் ஒரே காரணத்துக்காக அங்கு வரவில்லை. பாபுவின் பிள்ளைக்கு அது மானத்தை மீட்கும் இடம். அவருக்குக் கற்றுக்கொடுத்த வடநாட்டுப் பயில்வானுக்கு அது பிழைப்பு. பஞ்சாபிலிருந்தும் ஐக்கிய மாகாணங்களிலிருந்தும் வந்த பயில்வான்களுள் முஸ்லிம்கள் பலர். தலைமுறை தலைமுறையாகக் குஸ்தியைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்களில் பிறந்தவர்கள் அவர்கள். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுக்கும் உடலுக்குப் பாலும் நெய்யும் பாதாமும் இறைச்சியும் ஓயாமல் வேண்டும். உழைத்துத் தானே ஈட்டி உண்ண நேரமிராது. உழைக்கப் போனால் பயிற்சி கெடும். எனவே பயில்வான் என்பவன் எவரேனும் ஒருவருடைய சோற்றை உண்டே தீர வேண்டியவன். ததியா, பாட்டியாலா போன்ற அரசவைகள் அவனை வைத்துப் பேணின. அரசவைகளின் செல்வாக்கு தேயத் தேய, கல்கத்தாவின் வணிகச் செல்வரும் நிலக்கிழாரும் அவ்விடத்தை ஓரளவு நிரப்பினர். இந்தியத் தொழில்முறை மற்போரின் அடிப்படைப் பொருளாதாரம் இதுவே. வெற்றி மல்லனுடையது, பெருமை புரவலருடையது, கூலி அவ்விரண்டுக்கும் இடையில் பேசி முடிக்கப்படுவது.

தமிழ் மரபுக்கும் இது முற்றிலும் அயலானதன்று. ஆமூர் மல்லனைப் பொருது வென்ற சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் புறநானூறு பாடுகிறது. பல்லவன் நரசிம்மனுக்கு மாமல்லன் என்பது விருதுப்பெயர். அரசன் மல்லனை வென்றால் அது புகழாகி நிலைத்தது. தோற்ற மல்லனுக்கு அங்கே பெயர் கூட இல்லை.

ஐரோப்பாவில் அதே காலத்தில் மற்போர் வேறொரு வடிவம் பெற்றிருந்தது. அங்குப் புரவலரின் இடத்தில் ஏற்பாட்டாளர் இருந்தார். அரசவையின் இடத்தில் இசையரங்கும் விளையாட்டரங்கும் இருந்தன. சோற்றுக்குப் பதில் நுழைவுச்சீட்டில் பங்கு இருந்தது. இவ்விரு முறைகளும் எதிர்ப்படும் வாய்ப்பு 1890களிலேயே வந்தது. 1892இல் இந்தியா வந்த ஆங்கிலேய மல்லர் டாம் கேனனை இளைஞர் கரீம் பக்ஷ் வீழ்த்தினார். ஆளும் இனத்தவன் ஒருவனை ஆளப்படுபவன் வெளிப்படையாக, விதிகளுக்கு உட்பட்டு, எல்லார் கண்முன்னும் தரையில் கிடத்தலாம் என்பது அப்போது புலப்பட்டது. வேறெந்த மன்றத்திலும் அதற்கு இடமில்லை.

இந்தப் பின்னணியில்தான் 1910ஆம் ஆண்டுப் பயணத்தைப் பார்க்க வேண்டும். சரத்குமார் மித்ரா என்னும் வங்காளச் செல்வர் பணம் போட்டார், ஆர்.பி. பெஞ்சமின் என்னும் ஆங்கிலேயர் ஏற்பாட்டாளராக இருந்தார். காமா, அவருடைய தம்பி இமாம் பக்ஷ், அகமது பக்ஷ் உள்ளிட்டோர் இலண்டன் சென்றனர். காமாவின் உயரம் ஏறத்தாழ ஐந்தடி ஏழங்குலம். ஐரோப்பியப் பெருமல்லர்களோடு ஒப்பிடக் குட்டையானவர் என்பதால் அவருக்கு முதலில் போட்டியில் இடம் கிடைக்கவில்லை. உடனே, எந்த எடையினராயினும் மூவரை முப்பது நிமிடத்துக்குள் வீழ்த்துவதாக அவர் பெயரில் அறைகூவல் விடப்பட்டது. அமெரிக்க மருத்துவரும் மல்லருமான பெஞ்சமின் ரோலர் முன்வந்தார், இருமுறை வீழ்ந்தார்.

செப்டம்பர் 10ஆம் நாள் போலந்தின் ஸ்தானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவுடன் நடந்த போட்டி ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் நீடித்தது. ஸ்பிஸ்கோ பெரும்பாலான நேரம் குப்புறப்படுத்துத் தரையைப் பற்றிக்கொண்டு கிடந்தார். காமாவால் அவரைப் புரட்ட இயலவில்லை. முடிவின்றிப் போட்டி நின்றது. ஒரு வாரம் கழித்து மீண்டும் மோத வேண்டிய நாளில் ஸ்பிஸ்கோ வரவில்லை. ஜான்புல் இடைவாரும் 250 பவுன் பரிசும் காமாவுக்கு வழங்கப்பட்டன. எதிராளி வராத அரங்கில் கிடைத்த அந்த இடைவார்தான் அவரை ‘உலக வெற்றியாளர்’ ஆக்கியது. ஸ்பிஸ்கோவை அவர் மெய்யாகவே தரையில் கிடத்தியது பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1928 ஜனவரியில், பாட்டியாலாவில். அதற்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

கல்கத்தாவின் கணக்கில் 1910 ஒரு வெற்றி. மெக்காலேக்கு இலண்டனிலேயே விடை சொல்லியாயிற்று. ஆயினும் அதில் ஓர் உறுத்தல் இருந்தது. பணம் வங்காளத்தினுடையது, உடல் பஞ்சாபினுடையது. வங்காளியின் உடலைப் பற்றி எழுப்பப்பட்ட குற்றச்சாட்டுக்கு வங்காளியின் உடலே இன்னும் விடையளிக்கவில்லை.

அந்த விடை குஹா குடும்பத்திலிருந்தே வந்தது. அம்பு பாபுவின் பேரன் ஜதீந்திர சரண் குஹா 1892 மார்ச் 13ஆம் நாள் பிறந்தார். பருத்து, மந்தமாக, வைத்த இடத்தில் இருக்கும் குழந்தையைப் பார்த்துப் பாட்டனார் ‘கோபர்’ என்று கேலியாக அழைத்தார். கோபர் என்றால் சாணம். குப்புசாமி என்று பெயர்வைத்துப் பழகிய தமிழருக்கு இதில் வியப்பிராது. அப்பெயரே உலகமெங்கும் நிலைத்தது. ஆறடிக்கு மேல் வளர்ந்த அவ்விளைஞர் கழுத்தில் கல்வளையம் மாட்டிப் பயிற்சி செய்தார். பதினெட்டு வயதில் திரிபுரா அரசவை மல்லர் நவரங் சிங்குடன் தம் முதல் தொழில்முறைப் போட்டியில் இறங்கினார். 1913இல் ஸ்காட்லாந்து சென்று கிளாஸ்கோவில் ஜிம்மி கேம்ப்பெலையும் எடின்பரோவில் ஜிம்மி எஸ்ஸனையும் வென்றார். ஆள்வோரின் சொந்தத் தீவிலேயே இரு மல்லரை வென்ற வங்காளியாய் அவர் ஊர் திரும்பினார்.

1920இல் அவர் அமெரிக்கா புறப்பட்டார். அங்கு 1921 ஆகஸ்டு 30ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் ஆட் சான்டெலை வென்று மித எடைக்கு மேற்பட்ட ‘லைட் ஹெவிவெயிட்’ பிரிவில் உலகப் பட்டம் பெற்றார். சான்டெல் எளிய எதிராளி அல்லர். அதே ஆண்டு மார்ச்சில் தோக்கியோ சென்று ஜப்பானின் ஜூடோ வீரர்களை அவர்கள் மண்ணிலேயே எதிர்த்து நின்றவர் அவர். ஆசியர் ஒருவர் அமெரிக்காவில் தொழில்முறை மற்போரின் உலகப் பட்டத்தை வென்றது இதுவே முதல்முறை என்று கூறப்படுவதுண்டு.

ஆனால் கோபர் சென்று சேர்ந்த காலம் கவனிக்கத்தக்கது. அமெரிக்கத் தொழில்முறை மற்போர் அடியோடு மாறிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஸ்பிஸ்கோ–காமா போட்டியைப் போல இரண்டு மூன்று மணி நேரம் இருவர் தரையில் கிடப்பதைக் காண மக்கள் காசு கொடுக்கத் தயங்கினர். ‘ஸ்ட்ராங்ளர்’ எட் லூயிஸ், அவருடைய மேலாளர் பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் ஆகிய மூவரும் இதற்கொரு தீர்வு கண்டனர். வேகமான பிடிகள், நேரக் கட்டுப்பாடு, ஊர் ஊராகச் செல்லும் நிலையான மல்லர் குழு, முன்கூட்டியே பேசிவைத்த முடிவுகள். பட்டத்தை எவர் வைத்திருந்தால் அடுத்த ஊரில் சீட்டு விற்கும் என்பதை ஏற்பாட்டாளர் தீர்மானித்தார். கோபரும் 1922இல் லூயிஸுடன் மோதித் தோற்றார். அக்காலத்து அமெரிக்கப் போட்டிகளுள் எது மெய்ப்போர், எது பேசிவைத்தது என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஒரே எடைப்பிரிவில் ‘உலகப் பட்டம்’ என்று பல பட்டங்கள் உலவியதும் உண்மை.

இது கோபரின் பெருமையைக் குறைப்பதற்கான செய்தி அன்று. ஊரின் கணக்கும் தொழிலின் கணக்கும் எவ்வளவு வேறு என்பதைக் காட்டும் செய்தி. கல்கத்தாவில் அப்பட்டம் மானத்தின் ஆவணமாக வாசிக்கப்பட்டது. அமெரிக்க ஏற்பாட்டாளருக்கு அது வசூலுக்கான கருவி. கருப்பு நிறத்து நெடிய இந்தியர் ஒருவர், கல்வியறிவு மிக்கவர், கழுத்தில் கல்வளையம் அணிந்து பயில்பவர் என்பதெல்லாம் விளம்பரத்துக்கு உகந்த சரக்கு. இரண்டு கணக்கிலும் உழைத்த உடல் ஒன்றுதான்.

ஏறத்தாழ ஆறாண்டுகளுக்குப் பின் அவர் திரும்பினார். 1929இல் கல்கத்தாவின் பார்க் சர்க்கஸில் சின்ன காமாவுடன் மோதினார். விதிநுட்பம் ஒன்றின்பேரில் தோற்றதாக முடிவு சொல்லப்பட்டது. 1944இல் களத்திலிருந்து ஓய்வு பெற்றார். வடகல்கத்தாவின் கோவாபாகான் தெருவில் அவருடைய அகாடா தொடர்ந்தது. இசையும் இலக்கியமும் அறிந்த அவருடைய அவையில் இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸும் வந்து அமர்வதுண்டு. 1972 ஜனவரி 2ஆம் நாள் அவர் காலமானார். குடும்பச் செல்வம் இருந்தமையால் அவர் தொழில்முறை மல்லராக இருந்தது ஒரு தேர்வு. பிழைப்புக்காக வந்த கட்டாயம் அன்று. அத்தகைய தேர்வு பெரும்பாலான பயில்வான்களுக்கு வாய்க்கவில்லை.

காமாவின் முடிவு இதற்குச் சான்று. 1947 பிரிவினையில் அவர் இலாகூரில் வாழ்பவரானார். கலவர நாட்களில் தம் தெருவில் இருந்த இந்துக் குடும்பங்களுக்கு அரணாக நின்றார். ஆனால் அவரைப் பேணிய சமஸ்தானங்கள் மறைந்துவிட்டன. நோயும் வறுமையும் சூழ்ந்தன. அப்போது எல்லை கடந்து அவருக்கு உதவித்தொகை அனுப்பியவர் ஜி.டி. பிர்லா, கல்கத்தாவில் தொழிற்பேரரசு கட்டியவர். 1910இல் அவரை இலண்டனுக்கு அனுப்பியதும் கல்கத்தாப் பணம். அவருடைய இறுதி ஆண்டுகளில் இலாகூருக்குச் சென்றதும் கல்கத்தாவோடு தொடர்புடைய பணம். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அவர் ஈட்டிக்கொடுத்த மானம் அவருடைய மருந்துச் செலவுக்கு உதவவில்லை. 1960 மே மாதம் அவர் மறைந்தார்.

பிரிவினை கல்கத்தாவின் மற்போர் உலகையும் அறுத்தது. பஞ்சாபிய முஸ்லிம் குடும்பங்களோடு இருந்த தொடர்பு அற்றது. அவ்விடத்தில் மேடைக் குஸ்தி வந்தது. மண்கோதாவுக்குப் பதில் கயிறு கட்டிய மேடை, மின்விளக்கு, சுவரொட்டி, முகமூடி அணிந்த மல்லர். சிங்கப்பூர், மலாயாவின் பொழுதுபோக்குப் பூங்காக்களில் பெயர் பெற்ற தாரா சிங்கும், எமீல் சாயா என்னும் இயற்பெயர் கொண்ட ‘கிங்காங்’கும் இந்திய நகரமெங்கும் வலம்வந்தனர். தமிழ்நாட்டிலும் கிங்காங் என்பது பருத்த உடலுக்கு மறுபெயராயிற்று. 1959இல் கல்கத்தாவில் கனடாவின் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று தாரா சிங் காமன்வெல்த் பட்டம் பெற்றார். கோர்டியென்கோவின் வரலாறும் தனித்தது. இளமையில் பொதுவுடைமைக் கட்சித் தொடர்பு இருந்த காரணத்தால் அமெரிக்க அரங்குகள் அவருக்கு மூடப்பட்டன. ஆகவே உலகெங்கும் சுற்றிப் பிழைத்தார்.

அகாடா மரபினர் இதை வெறுத்தனர். பேசிவைத்த குஸ்திக்கு உருதுவில் ‘நூரா குஸ்தி’ என்று பெயர். அது இகழ்ச்சிச் சொல். இன்றும் இந்திய மற்போர் பற்றிய எழுத்துகளில் அகாடாக் காலம் தூய்மையென்றும் மேடைக் காலம் வீழ்ச்சியென்றும் கோடு கிழிக்கப்படுகிறது. வரலாறு அவ்வளவு எளிதாகக் கோடு கிழிக்க இடந்தரவில்லை. 1910லேயே ஏற்பாட்டாளர் உண்டு, விளம்பர அறைகூவல் உண்டு, எதிராளி வராத அரங்கில் வழங்கிய பட்டமும் உண்டு. புரவலரின் பெருமைக்காக மோதுவது தூய்மை, சீட்டு வாங்கியவரின் மகிழ்ச்சிக்காக மோதுவது இழிவு என்று சொல்வதற்கு, மல்லனின் நிலையிலிருந்து பார்த்தால், வலுவான காரணம் இல்லை. இரண்டாவதில் கூலியாவது எண்ணிக் கொடுக்கப்பட்டது.

இறுதியாக ஒரு முறை அலிப்பூருக்குத் திரும்பலாம். கிழக்கு வங்கத்தில் பிறந்த மனோகர் ஐச் இளமையில் மற்போரில் நாட்டம் கொண்டவர், மாயவித்தைக்காரர் பி.சி. சர்க்காரின் மேடைகளில் இரும்பு வளைத்துக் காட்டியவர். நான்கடி பதினோரங்குலமே உயரம். பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றியபோது, இந்தியரை இழித்துப் பேசிய அதிகாரியை அறைந்ததற்காகச் சிறைப்பட்டார். அலிப்பூரின் பிரசிடென்சி சிறையில் எந்தக் கருவியுமின்றி மணிக்கணக்கில் உடற்பயிற்சி செய்தார். அதைக் கண்ட சிறையதிகாரிகள் அவருக்குத் தனி உணவு அளித்தனர். சுதந்திரத்தோடு வெளிவந்தவர் வயிற்றுப்பாட்டுக்காகச் சியால்தா நிலையத்தில் இளநீர் விற்றார். 1951இல் இலண்டன் சென்று, இரயில்வேயில் வேலை பார்த்தபடியே பயின்று, 1952இல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்றார். 2016இல் 104ஆம் வயதில் காலமானார்.

அவர் மல்லராகப் பெயர் பெற்றவர் அல்லர். ஆனால் கல்கத்தாவின் உடல் வரலாற்றின் இரு கணக்குகளும் அவரிடத்தில் ஒன்றாகத் தெரிகின்றன. அதிகாரியை அறைந்த கையும் இளநீர் சீவிய கையும் ஒரே கை. நகரம் முதலாவதைப் போற்றுகிறது. அலிப்பூரின் சிறைகளுள் ஒன்று 2022இல் அருங்காட்சியகமாகி, விடுதலைக்காகத் துன்புற்றோரின் நினைவைக் காக்கிறது, அது வேண்டியதே. பால், நெய், பாதாமுக்குக் கணக்குப் பார்த்தபடியே நாட்டின் மானத்தைத் தோளில் சுமந்த பயில்வான்களுக்கு அப்படியொரு கட்டடம் இல்லை. அவர்களுடைய வரலாற்றை எழுதும்போது வெற்றியின் நாளோடு கூலியின் அளவையும், அதைக் கொடுத்தவரின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். அப்போதுதான் மெக்காலேக்குச் சொன்ன விடையின் விலை என்ன, அதை யார் செலுத்தினார்கள் என்பது விளங்கும்.